ஒயில் விளக்கு எரிந்தால் முதலில் அமுக்கத்தை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கார் ஓடிக்கொண்டிருக்கும்போது டாஷ்போர்டில் சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால், ஒயில் கொஞ்சம் குறைந்திருக்கும், வீட்டுக்குப் போய் ஊற்றிக்கொள்ளலாம் என்று தொடர்ந்து ஓட்டிச் செல்பவர்கள் கொழும்பில் ஏராளம். கராஜ்கள் சிலவும் அதைச் சாதாரண மின்கோளாறாகக் கருதி, எதையும் அளந்து பாராமலே சுவிட்சை மாற்றி அனுப்பிவிடுகின்றன. திருத்தக்கூடிய நிலையிலிருந்த எஞ்சின்கள் இதனாலேயே பாழாவதைக் கண்டு வருவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பெரும்பாலான கார்களில் அந்தச் சிவப்பு விளக்கு காட்டுவது ஒயிலின் மட்டத்தை அல்ல, அதன் அமுக்கத்தை. எஞ்சின் புளொக்கில் பொருத்தப்பட்டிருக்கும் சிறிய சுவிட்ச் ஒன்று, அமுக்கம் ஏறத்தாழ 3 முதல் 7 பிஎஸ்ஐ (அமுக்கத்தின் அலகு) வரையிலான ஓர் எல்லைக்குக் கீழே இறங்கும்போதே விளக்கை எரியச் செய்கிறது. அப்படியென்றால் விளக்கு எரியும் நேரத்தில் எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கைத் தாங்கும் பெயரிங்குகளுக்குப் போதிய ஒயில் போய்ச் சேரவில்லை என்றே கொள்ள வேண்டும். அடுத்த எரிபொருள் நிரப்பு நிலையம் வரை மெதுவாக ஓட்டிப் போகலாம் என்ற எண்ணத்துக்கே அங்கு இடமில்லை. காலி வீதியில் எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் வாகனத்தை ஓரமாக்கி எஞ்சினை நிறுத்துவதுதான் முதல் வேலை. பிறகு சமதரையில் சில நிமிடங்கள் விட்டு, ஒயில் மட்டத்தைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை ஒருமுறை துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். 660 சிசி கார்களின் எஞ்சினில் இருப்பதே ஏறத்தாழ மூன்று லீற்றர் ஒயில்தான் என்பதால், ஒரு லீற்றர் குறைந்தாலும் வளைவுகளிலும் திடீர் பிரேக்கிலும் ஒயில் பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடலாம்.

மட்டம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால்தான் உண்மையான சிக்கல். என் அக்காவின் கார் வெயில் நேரத்தில் சிக்னலில் நிற்கும்போது மட்டும் விளக்கைக் காட்டும். அக்சிலரேற்றரை மிதித்தால் அணைந்துவிடும். ஒரு கராஜில் சுவிட்சை மாற்றினார்கள். அதன் பின்னும் விளக்கு எரியவே, அடுத்த முறை சுவிட்சின் வயரையே கழற்றிவிட்டு, சரியாகிவிட்டது என்று காரைக் கொடுத்தார்கள். சில வாரங்களில் எஞ்சினுக்குள் தட்டும் சத்தம் கேட்டது. வேறொரு மெக்கானிக் சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையிலேயே அமுக்கமானியின் குழாயைத் திருகி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கிப் பார்த்தபோது, ஐட்லிங்கில் (அக்சிலரேற்றரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலையில்) முள் பூச்சியத்தை ஒட்டியே நின்றது. எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தட்டைக் கழற்றியதும் பம்பின் வடிகட்டி வலை முழுவதும் தார் போன்ற கறுத்த கசடு அப்பியிருந்தது. பெயரிங் ஷெல்களின் சாம்பல் நிறப் பூச்சு தேய்ந்து, அடியிலிருந்த செப்பு நிறம் வெளியே தெரிந்தது. முதல் நாளே அமுக்கத்தை அளந்திருந்தால் தட்டையும் வலையையும் சுத்தம் செய்து, ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றுவதோடு வேலை முடிந்திருக்கக்கூடும். இறுதியில் கிராங்கைச் சாணை பிடித்து, அதற்கேற்ற புதிய ஷெல்களும் போட வேண்டியதாயிற்று.

சுவிட்ச் பழுதாவதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அது அடிக்கடி பழுதாகும் உதிரிப்பாகம்தான். வயர் இணைப்புக்குள் ஒயில் கசிந்திருந்தால் அதன் மீது சந்தேகப்படுவது நியாயமே. சாதாரண சுவிட்ச் உள்ள கார்களில் வயரைக் கழற்றிய பின்பும் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் வயர் எங்கோ காரின் உலோக உடலில் உரசுகிறது என்று அறியலாம். ஆனால் வயரைக் கழற்றியதும் விளக்கு அணைந்தால், சுவிட்ச் பழுதாகவும் இருக்கலாம், அமுக்கம் உண்மையிலேயே குறைந்தும் இருக்கலாம். இவற்றில் எது என்பதை அமுக்கமானிதான் சொல்லும். பம்ப் தேய்ந்திருப்பதும், அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு திறந்தபடியே சிக்கியிருப்பதும், பெயரிங்குகளில் இடைவெளி கூடியிருப்பதும் டாஷ்போர்டில் ஒரே விளக்காகத்தான் தெரியும். மெல்லிய 0W-20 ஒயிலுக்காக வடிவமைக்கப்பட்ட எஞ்சினில் தடித்த 20W-50 ஊற்றி விளக்கை அணைத்துவிடுவதும் இங்கே வழக்கமாக இருக்கிறது. அதனால் அமுக்கம் கூடலாமே தவிர, தேய்மானம் அப்படியேதான் இருக்கும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியில் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்த இடைவெளியில் நம்மிடமிருந்த கார்கள் அனைத்துக்கும் வயது கூடிவிட்டது. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழைய எஞ்சின் ஒன்றைத் தேடி வாங்குவதும் இன்று எளிதான காரியமல்ல. ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கார்களின் கையேடு, கிடைத்தாலும், ஜப்பானிய மொழியிலேயே இருப்பதால் விளக்குகளின் பொருளைச் சாரதி படித்தறிய வழியில்லை. ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்காகச் செய்யப்படும் புகைப் பரிசோதனையும் வெளியேறும் புகையைத்தான் சோதிக்கிறதே ஒழிய, ஒயில் அமுக்கத்தை அல்ல.

ஆகவே கராஜ் உரிமையாளர்களிடம் நான் கேட்பது இதுதான்: ஒயில் விளக்கு என்று வரும் எந்த வாகனத்திலும், ஒரு பாகத்தையும் மாற்றுவதற்கு முன், சூடான எஞ்சினில் ஐட்லிங்கிலும் 3000 ஆர்பிஎம்மிலும் (நிமிடத்துக்கு 3000 சுற்று) அமுக்கத்தை அளந்து, அந்த எஞ்சினுக்குரிய சேவைக் கையேட்டின் அளவுகளோடு ஒப்பிட்டு, இரண்டு எண்களையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். அந்த எண்களைக் கேட்டு வாங்கும் உரிமை வாகன உரிமையாளருக்கு உண்டு. சாரதிப் பயிற்சிப் பாடசாலைகள் வீதிச் சமிக்ஞைகளோடு டாஷ்போர்டின் சிவப்பு விளக்குகளையும் தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்க வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ON நிலைக்குத் திருப்பும்போது ஒயில் விளக்கு எரிய வேண்டும், எஞ்சின் ஸ்டார்ட்டான சில விநாடிகளில் அணைய வேண்டும் என்பதையாவது ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும். சாவியைத் திருப்பியும் அந்த விளக்கு எரியவில்லையென்றால், பல்ப் போயிருக்கலாம், அல்லது யாரோ வயரைக் கழற்றியிருக்கலாம். பாவித்த கார் வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டியதும் இதுவே.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.