கொடுக்கப்போகிற குட்டிதான், மகன்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்க மாமாங்கேஸ்வரர் துணை.

அன்றைக்குப் போனில் உன்னோடு ஆறுதலாகப் பேச முடியவில்லை. ஒரு கையில் சிரிஞ்ச், மற்றக் கையில் நோயில் கிடந்த பூனைக்குட்டி. "அது ஆருக்கோ கொடுக்கப்போற குட்டிதானே அம்மா, அதுக்கு ஏன் நித்திரையைக் கெடுக்கிறீங்கள்?" என்று கேட்டாய். என் உடம்பை நினைத்துத்தான் கேட்டாய், தெரியும். ஆனால் அந்தக் கேள்வி மனதுக்குள்ளேயே நிற்கிறது. போனில் சொன்னால் பாதியில் நிற்கும் என்றுதான் எழுதுகிறேன்.

மார்கழி மழையில் கல்லடிப் பாலத்தடியில் யாரோ பெட்டியோடு விட்டுப்போன குட்டிகள் இவை. ஒன்று பெட்டை, மற்றது கடுவன். களுவாஞ்சிகுடி ரீச்சர் ஒருவர் இரண்டையும் எடுப்பதாகச் சொன்னா. தானாகச் சாப்பிடப் பழகி, தடுப்பூசியும் போடும்வரை நம் வீட்டில் இருக்கட்டும் என்பது பேச்சு. பேர்கூட நான் வைக்கவில்லை, அது கொண்டுபோகிறவர் வைக்க வேண்டியது. பெட்டையைக் குஞ்சு என்றேன், கடுவனைத் தம்பி என்றேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் பின்னேரம் இரண்டும் ஈர்க்குக்குப் பாய்ந்து பாய்ந்து விளையாடின. விடியப் பார்த்தால் தம்பி தண்ணிக் கோப்பைக்கு மேலே தலையைத் தொங்கப்போட்டபடி கிடக்கிறான். மூக்கு நுனி தண்ணீரில் முட்டுகிறது, ஆனால் நாக்கு வெளியே வரவில்லை. பக்கத்தில் மஞ்சள் நுரையாக வாந்தி. காதும் பாதமும் சில்லென்று இருந்தன. முன்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஆரோ நஞ்சு வைச்சிட்டாங்கள்" என்றா. இந்த நோயைப் பார்க்கிற யாருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும், அவ்வளவு திடீரென்று வரும். நாம் காய்ச்சலுக்குப் போடுகிற பனடோல் குளிசையில் கால்வாசியைக் கரைத்துப் பருக்கச் சொன்னா. நான் விடவில்லை. பூனையின் ஈரலுக்குப் பனடோலை முறிக்கத் தெரியாது, மகன். ஒரு குளிசை பெரிய பூனையையே கொன்றுவிடும். இரத்தம் மண்ணிறமாகி, மூச்சு எடுக்க முடியாமல் போகும். உன் அறையில் பூனைக்குச் சாப்பாடு வைக்கிற கூட்டாளிக்கு இதைக் கட்டாயம் சொல்லு.

ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் தோலைக் கிள்ளிப் பார்த்தார், கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது. பல் முரசு வெளிறியிருந்தது. பூனைகளுக்கு வருகிற பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார். நாய்க்கு வருகிற பார்வோவின் அதே இனம்தான், மனிதருக்கு ஒட்டாது, நீ பயப்படாதே. குடலின் உட்பக்கத்தையும் எலும்பு மச்சையையும் தாக்குகிற வைரஸ். நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும், பிறகு குடலில் இருக்கிற கிருமிகள் இரத்தத்துக்குள் இறங்கிவிடும். வைரஸைக் கொல்ல என்று மருந்து இல்லை. சேலைன், வாந்தியை நிறுத்த ஒரு ஊசி, கிருமிக்கு ஒரு ஊசி, உடம்பில் சூடு. மிச்சத்தை அந்தச் சின்ன உடம்புதான் செய்ய வேண்டும்.

தம்பி அன்று பின்னேரமே போய்விட்டான். என் மடியில், அப்பாவின் பழைய சாரத்துக்குள். பலாமரத்தடியில் அப்பா ஆழமாகக் கிடங்கு வெட்டினார். பூனை என்றால் எட்டப் போகிற மனுசன் அன்று இரவு சாப்பிடவில்லை.

அடுத்த நாள் குஞ்சுவும் அதே மாதிரிக் கோப்பையடியில் வந்து படுத்தாள். நீ போன் எடுத்தது அன்றைக்குத்தான். என் குரல் ஏன் அப்படி இருந்தது என்று இப்போது விளங்கும்.

குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் பருக்கக் கூடாது என்று வைத்தியர் திரும்பத் திரும்பச் சொன்னார். வயிறு வேலை செய்யாது, புரையேறிச் சாகும். முதலில் சூடு, அதற்குப் பிறகுதான் சாப்பாடு. சோடாப் போத்தலில் இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பி, துவாயால் சுற்றி, இரண்டு பக்கமும் வைத்தேன். முரசில் சீனிப்பாணி தடவினேன். சேலைன் போடும்போது பிடரித் தோலுக்குக் கீழே கோழிமுட்டை மாதிரி வீங்கும், கொஞ்ச நேரத்தில் உடம்பு அதை உறிஞ்சிவிடும். அந்த வீக்கம் வடிவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்கு ஒரு தெம்பாக இருந்தது.

நாளைக்கு இருப்பாளா என்று நினைத்தால் கை ஓடாது. அதனால் உன் பழைய கணக்குக் கொப்பியை எடுத்து மணிக்கணக்கில் எழுதினேன். ஒரு மணி: 97 டிகிரி. இரண்டு மணி: வாந்தி இல்லை. மூன்று மணி: காது கொஞ்சம் சூடு. அந்த வரியை எழுதின பிறகு எவ்வளவு அழுதேன் தெரியுமா. அப்பா எழும்பி வந்து ஒன்றும் கேட்காமல் போத்தல் தண்ணீரை மாற்றிவிட்டுப் போனார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். சுனாமி வந்த 2004 மார்கழி 26 உனக்கு ஞாபகம் இருக்காது, நாலு வயது. நாவலடியில் வீடு போய், செங்கலடியில் முன்பின் தெரியாத ஒரு அக்கா வீட்டில் இருந்தோம். உனக்குக் காய்ச்சல் நெருப்பாய் எரிந்தது. நான் நடைப்பிணமாக இருந்த நேரம் அது. அந்த அக்காதான் விடியவிடிய உன்னை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஈரத்துணி ஒற்றினா. நாங்கள் ஒரு மாதத்தில் போய்விடுவோம் என்று அவவுக்குத் தெரியும். போகப்போகிற பிள்ளைதானே என்று அவ உன்னைப் பாயில் கிடத்திவிட்டுத் தூங்கப்போயிருந்தால்? எனக்கு அந்த முகம் மறக்காது. கொடுக்கப்போகிற குட்டி என்பதால்தான் எனக்குப் பொறுப்புக் கூடுதல், மகன். வாங்க வருகிறவவின் கையில் உயிரோடு, நோயில்லாமல் கொடுக்க வேண்டும்.

முதல் ஐந்து நாளைத் தாண்டினால் அநேகமாகத் தப்பும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். குஞ்சு தாண்டிவிட்டாள். உப்பும் வெங்காயமும் போடாமல் கோழி அவித்த தண்ணீரை முதலில் விரலில் நக்கினாள், மறுகா கோப்பையில் வாய் வைத்தாள். இப்போது இறைச்சியைப் பிய்த்துப் போட்டால் உறுமிக்கொண்டு சாப்பிடுகிறாள். முதுகெலும்பு இன்னும் கையில் தட்டுப்படுகிறது, மயிரும் பளபளப்பில்லை, வரும்.

ரீச்சருக்கு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவ வீட்டில் ஊசி போடாத இன்னொரு குட்டி இருக்கிறது. குஞ்சுவின் மலத்தில் இன்னும் சில கிழமைக்கு வைரஸ் இருக்கலாம், அதனால் அந்தக் குட்டிக்கு ஊசிகள் போட்டு முடியட்டும், பிறகு கொண்டுபோங்கள் என்றேன். கோபிப்பா என்று நினைத்தேன், அழுதுவிட்டா. தம்பிக்காகத்தான்.

வீட்டுக்குள் இந்த வைரஸ் ஒரு வருடம்வரைக்கும் கிடக்குமாம். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, தரையைக் கழுவி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்கிறோம். செருப்புகளையும் விடுவதில்லை, செருப்போடு ஒட்டிக்கொண்டும் வருமாம். பெட்டியையும் துணிகளையும் எரித்தாயிற்று. நேற்றுச் சந்தையடியில் இருந்து ஒரு பிள்ளை மூன்று குட்டிகளைக் கொண்டுவந்து படலையில் நின்றது. ஊசி போடாத குட்டியை இப்போது உள்ளே எடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அது எனக்குப் பெரிய வேதனை. ஆரையம்பதியில் ஒருவர் குட்டி வேணும் என்று கேட்டிருந்தா, அவவின் நம்பரைக் கொடுத்துவிட்டேன்.

நீ காசு அனுப்புவதாகச் சொன்னாய். வேண்டாம், இருக்கிறது. அனுப்பத்தான் வேண்டும் என்றால், அடுத்து வருகிற குட்டிகளின் தடுப்பூசிக்கு அனுப்பு. ஆறு, எட்டுக் கிழமையில் தொடங்கி, பதினாறு கிழமை ஆகும்வரை இடைவிட்டுப் போட வேண்டும்.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, வீடியோவில் எடு. பகல் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து எடு, குஞ்சு அப்போது முழிப்பாக இருப்பாள். அப்பாவும் உன்னோடு வேலியைப் பற்றி ஏதோ கதைக்க வேண்டுமாம்.

அன்புடன்,
அம்மா