நீ காணாமல் திரும்பிய சுறா

அன்புள்ள செழியனுக்கு,

கேப் டவுனை ஒட்டிய ஃபால்ஸ் பே விரிகுடாவில், சீல் தீவு வரை படகில் சென்று விடியற்காலை முதல் காத்திருந்தும் ஒரு வெள்ளைச் சுறாவைக்கூடக் காணாமல் திரும்பியதாக எழுதியிருந்தாய். விலங்கியல் கற்பித்த காலத்தில் மாணவர்களுக்கு நான் மிகவும் விரும்பிச் சொன்ன இடங்களுள் அத்தீவும் ஒன்று. குளிர்காலக் காலைகளில், இரை தேடிவிட்டுத் தீவுக்குத் திரும்பும் இளம் கடல்நாய்களைக் குறிவைத்து, ஆழத்திலிருந்து செங்குத்தாக எழும் சுறா, முழு உடலும் நீருக்கு மேலே தெரியும்படி பாய்வது அங்கே வழக்கமான காட்சியாக இருந்தது. அதன் முதுகு கருஞ்சாம்பல் நிறம் என்பதால், அடியிலுள்ள இருளிலிருந்து அதைப் பிரித்தறியக் கடல்நாயின் கண்ணால் இயலாது.

அவ்வளவு குளிர்ந்த நீரில் அந்த வேகம் எவ்வாறு வருகிறது என்று கேட்டிருந்தாய். செவுளுக்குச் செல்லும் சூடான இரத்தமும் செவுளிலிருந்து வரும் குளிர்ந்த இரத்தமும் அருகருகே நுண்குழாய்களில் ஓடுவதால், தசைகளில் பிறந்த வெப்பம் கடலில் கரைந்துவிடாமல் உடலுக்கே திரும்புகிறது. கொழுப்பு நிறைந்த பெரிய ஈரல் சுறாவை மிதக்க வைப்பதோடு நெடும்பயணத்துக்கும் உணவாகிறது. 2003 நவம்பரில் தென்னாப்பிரிக்கக் கடற்கரை ஊரான கான்ஸ்பாய் அருகே கருவி பொருத்தப்பட்ட 'நிக்கோல்' என்னும் பெண் சுறா, 99 நாட்களில் ஏறத்தாழ 11,000 கிலோமீட்டர் கடந்து மேற்கு ஆஸ்திரேலியாவை அடைந்து, ஒன்பது மாதங்களுக்குள் கான்ஸ்பாய்க்கே திரும்பியும் வந்துவிட்டது.

என்னை எப்போதும் நிறுத்திவைப்பது அதன் பிறப்புத்தான். தாயின் வயிற்றுக்குள்ளேயே முட்டையிலிருந்து வெளிவந்து, கருவுறாத முட்டைகளைத் தின்று வளர்ந்து, ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர் நீளத்தோடு பிறக்கும் குட்டி, அந்த நொடியிலிருந்தே தனித்து வாழ வேண்டும். முதலில் மீன்களை உண்டு, மூன்று மீட்டர் அளவுக்கு வளர்ந்த பிறகே, அகன்றுவிட்ட பற்களோடு கடல்நாய்களை வேட்டையாடத் தொடங்கும். வடமேற்கு அட்லாண்டிக்கில் நடந்த ஆய்வின்படி, பெண் சுறா தாயாகும் பருவத்தை எட்ட ஏறத்தாழ 33 ஆண்டுகள் ஆகின்றன; அது உன் வயதைவிட அதிகம். அதன் பிறகும் ஓர் ஈற்றில் பிறப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில குட்டிகளே.

ஆகையால்தான் 2017-இல் கான்ஸ்பாய்க் கரையில் ஈரல் இல்லாமல் ஒதுங்கிய சுறாக்களைப் பற்றிய செய்தி என்னை அவ்வளவு வருத்தியது. முதுகுத் துடுப்பு ஒன்றுக்கு இடப்புறமும் மற்றொன்றுக்கு வலப்புறமும் சாய்ந்திருப்பதால், கப்பலின் இடப்புறத்தையும் வலப்புறத்தையும் குறிக்கும் சொற்களால் 'போர்ட்', 'ஸ்டார்போர்ட்' என்று அழைக்கப்படும் இரண்டு ஓர்காக்கள் (கொல்லும் திமிங்கிலங்கள்) அங்கே சுறாக்களை வேட்டையாடியிருந்தன. ஃபால்ஸ் பேயிலும் சுறாக்கள் அருகிப்போனதற்கு ஓர்காக்களே காரணம் என்று சிலரும், மீன்பிடிப்பும் குவாசுலு-நட்டால் கடற்கரையில் கட்டப்படும் சுறா வலைகளும் காரணம் என்று சிலரும் வாதிடுகின்றனர். அவை இடம்பெயர்ந்துவிட்டன என்போரும் உண்டு. 1991-இலேயே, உலகில் முதல் நாடாக, இவ்விலங்குக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்த தென்னாப்பிரிக்காவில் இந்நிலை வந்திருக்கிறது என்பதை என்னால் எளிதாக ஏற்க முடியவில்லை.

மூய்சன்பெர்க் கடற்கரைக்கு மேலுள்ள மலைச்சரிவில், நீந்துவோரை எச்சரிப்பதற்காகச் சுறா வருகிறதா என்று கடலையே பார்த்தபடி அமர்ந்திருப்பவர்கள் உண்டு. அடுத்த விடுமுறையில் அங்கே சென்று, வெள்ளைச் சுறாவை அவர்கள் கடைசியாகக் கண்டது எப்போது என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா