பாலி ஸ்டைரீனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாலி,

2011 ஏப்ரலில் புற்றுநோய் உங்களைக் கொண்டுபோய்விட்டது. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வராது என்று தெரிந்தும் உங்களுக்கே எழுதுகிறேன்.

நீங்கள் பாடிய பங்க் இசை, அதாவது எழுபதுகளின் அந்த முரட்டு ராக், என்றதும் எல்லோரும் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கிழிந்த சட்டை, ஊக்கு, கெட்ட வார்த்தை. சரி, 1976 ஜூலையில், உங்கள் 19வது பிறந்தநாளன்று, இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் கடற்பாலத்தில் அவர்கள் வாசித்ததைப் பார்த்த பிறகுதான் நீங்களும் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் என்ற உங்கள் குழுவுக்கு ஆள் சேர்த்தீர்கள். அதே வருடம் மாரி எலியட் என்ற சொந்தப் பெயரில் ஜமைக்காவின் ரெக்கே இசைச் சாயலில் ஒரு பாப் சிங்கிளும் (தனிப்பாட்டு இசைத்தட்டு) வெளியிட்டிருந்தீர்கள். அது எடுபடவில்லை.

அப்புறம் மஞ்சள் பக்கங்கள் என்ற தொலைபேசி விளம்பரப் புத்தகத்தைப் புரட்டி ஒரு பிளாஸ்டிக்கின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டீர்கள். பாப் நட்சத்திரம் என்றால் அச்சில் வார்த்து, விற்று, தூக்கிப்போடுகிற சரக்குதானே, அந்தப் பெயரே எனக்கு இருக்கட்டும் என்பது உங்கள் கணக்கு. அந்தக் காலத்து லண்டனில் இவ்வளவு கூர்மையான எதிர்ப்பை வேறு யாரிடமும் நான் பார்க்கவில்லை. ஆனாலும் நீங்களும் ஈ.எம்.ஐ. என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனம் மூலம்தான் ஆல்பம் போட்டீர்கள். சந்தைக்குள் நின்றுகொண்டே சந்தையைப் பாடினீர்கள், அதை ஒருபோதும் மறைக்கவில்லை. அந்த நேர்மைதான் என்னை உங்களிடம் கட்டிப்போட்டது.

1977இல் வந்த உங்கள் குழுவின் முதல் சிங்கிளை இன்றும் கேட்கிறேன். சின்னப் பெண்கள் கண்ணுக்குத் தெரியலாம், சத்தம் மட்டும் வரக்கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள் என, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோல் மெல்லிய குரலில் ஆரம்பிக்கிறீர்கள். அடுத்த நொடி தொண்டை கிழியக் கத்துகிறீர்கள். கிதார்கள் பாய்கின்றன, கூடவே உங்கள் குழுவின் லோரா லாஜிக்கின் சாக்ஸபோன். அவரும் பள்ளி வயதுப் பெண்தான். கரடுமுரடாக, தெருவில் வண்டி ஹாரன் அடிப்பதுபோல் ஊதுகிறார். ஸ்டூடியோவில் யாராவது அந்தக் குரலை இழைத்து வழவழப்பாக்கியிருந்தால் பாட்டு அங்கேயே செத்திருக்கும்.

1978இல் வந்த ஆல்பத்தில் நாளைக்குப் பத்துத் தடவை பல் தேய்க்கிற பெண் வருகிறாள். கிருமி பயமும் விளம்பரமும் சேர்ந்து ஆட்டிவைக்கிற அந்தப் பெண்ணை நீங்கள் கேலி செய்யவில்லை. அவள்மேல் உங்களுக்குப் பரிவுதான் இருக்கிறது. இத்தனைக்கும் அப்போது உங்கள் பல்லில் கிளிப். அழகான முகங்களை அலங்கரித்து விற்ற ஒரு தொழிலில், சோமாலியத் தகப்பனுக்குப் பிறந்த நீங்கள் அந்தக் கிளிப் தெரிய வாயைத் திறந்து பாடினீர்கள், தொலைக்காட்சியிலும்கூட. 1979இல் குழுவே முடிந்துபோனது. குழுவின் அடுத்த ஆல்பத்துக்கு 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது குரலைக் கணினியில் திருத்தாமல் ஒரு பாட்டு வெளிவருவதே அபூர்வம். பங்க்கூட பெரிய கடைகளில் டி-ஷர்ட்டாகத் தொங்குகிறது. என் குரல் நன்றாக இல்லை என்று பாடக் கூச்சப்படுகிற பெண் யாராவது கண்ணில் பட்டால், உங்கள் அந்த முதல் சிங்கிளைத்தான் அனுப்பி வைக்கிறேன்.

நன்றி, பாலி.

அன்புடன்,
உங்கள் ரசிகை