வெண்பாவின் கடைசிச் சீர்

குமுளி

அன்பு நண்பா,

நலம். இங்கே மழை விட்டபாடில்லை, ஏலத்தோட்டமெல்லாம் ஊறிக் கிடக்கிறது. நீ அனுப்பிய வெண்பாக்கள் வந்து சேர்ந்தன. காதல், மரணம், நீதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு. மூன்றும் அந்தந்தச் சொல்லிலேயே முடிகின்றன. சிக்கல் அங்கேதான்.

வெண்பாவின் ஈற்றுச்சீர், அதாவது கடைசிச் சொல், நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் (ஓசை அச்சுகளில்) ஒன்றாக இருக்க வேண்டும். ‘காதல்’ தேமா, ‘மரணம்’ புளிமா, இரண்டும் அந்த நான்கில் சேராத ஈரசைச் சீர்கள். ‘நீதி’யும் தேமாதான், கடைசியில் குற்றியலுகரம் (குறுகி ஒலிக்கும் ‘உ’) இல்லாததால் காசு ஆகாது. ‘உயிர்’ மலர், ‘முத்து’ காசு, ‘சிலம்பு’ பிறப்பு. இவற்றில் தாராளமாக முடிக்கலாம். அன்பும் அறமும்கூட இலக்கணப்படி நிற்கும். எனக்கென்னவோ, கையில் எடுத்துப் பார்க்கிற பொருள் அங்கே வந்தால்தான் பாட்டு நிறைகிறது.

கண்ணகி வரும் நீதிப் பாட்டில் தளையும், அதாவது சீரும் சீரும் சேரும் கட்டும், தட்டுகிறது. ‘கண்ணகி சிலம்பை’ என்கிறாய். கண்ணகி கூவிளம், விளத்துக்குப் பின் ‘கண்’ போன்ற நேரசை வர வேண்டும், ‘சிலம்’ நிரையசை. ‘கண்ணகி காற்சிலம்பை ஓங்கி உடைத்தாள்’ என்று மாற்றிப் பார். கூவிளம், கூவிளங்காய், தேமா, புளிமா. ஓசை சரியாகிவிடும், ‘கால்’ வெறும் அடைசலாகவும் இருக்காது. கோவலன் மாதவியிடம் போன பிறகு அந்தச் சிலம்பு கண்ணகியின் காலில் இல்லை. திரும்பி வந்தவனிடம் அதையே எடுத்துக் கொடுக்கிறாள். அதை விற்கப் போய்த்தான் அவன் வெட்டுப்படுகிறான். நீ மூன்று வெண்பாவுக்குப் பிரித்தது முழுக்க இந்த ஒரு சிலம்புக்குள் இருக்கிறது, ஒரே பாட்டாக்கிவிடு.

அரசியின் சிலம்பில் முத்து, இவளுடையதில் மாணிக்கம். உடைத்ததும் அது தெறித்து மன்னனின் வாயருகே பட்டது. அதற்குமேல் ‘நியாயம் வென்றது’ என்று நீ சொல்ல வேண்டியதில்லை, அந்த அடியை எடுத்துவிடு. ஈற்றடிக்கு ‘மாணிக்கம் சிந்தும் சிலம்பு’ பொருந்தும்.

நடு இரண்டடியை நீயே எழுது. அடியடியாக அலகிடுவதால் (அசை பிரித்துப் பார்ப்பதால்) அடி மாறும் இடத்தில்தான் நமக்குத் தளை தப்பும். ‘உடைத்தாள்’ மாச்சீர், ஆகவே இரண்டாம் அடி நிரையில் தொடங்கட்டும். ‘மாணிக்கம்’ நேரில் தொடங்குவதால் மூன்றாம் அடி விளத்திலோ காயிலோ முடிய வேண்டும். கனிச்சீர், அதாவது நிரையசையில் முடியும் மூவசைச் சீர், எங்கும் நுழையக் கூடாது.

சித்ரா பௌர்ணமிக்கு வந்துவிடு. மங்கலதேவி மலைக் கண்ணகி கோயில் அந்த ஒரு நாள்தான் திறக்கும். நீ உங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடி வழியாக ஏறி வா, நான் இங்கிருந்து ஜீப்பில் வருகிறேன். பாட்டை எடுத்து வா, அங்கே படிக்கலாம்.

அன்புடன்,
உன் குமுளி நண்பன்