தீப்பெட்டிக்குள் வந்த சிலைகள்

அன்பு மகளுக்கு,

உன் சிலைகளை நீ எடுத்து அனுப்பிய படங்கள் வந்தன. நேற்று ராத்திரி ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் தோளில் உன் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. மெருகேற்றுகிறேன் என்று அதைத் தேய்த்துவிடாதே, அம்மா.

"அறை சின்னது, கைக்குள் அடங்குகிற உருவங்களைத்தான் செய்ய முடிகிறது, இந்த ஊருக்கு வந்த மூன்று வருஷமும் வீண்" என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. போன் செய்யும்போதெல்லாம் "ஏதாவது விற்றதா?" என்று நான் கேட்டுக் கேட்டே உனக்கு அப்படித் தோன்றிவிட்டதோ? இனிமேல் கேட்க மாட்டேன். இப்போது என்ன செய்கிறாய் என்று மட்டும் கேட்பேன்.

உனக்காகச் சிற்பி ஜியாகோமெட்டியைப் பற்றிப் படித்தேன். 1922இல் பாரிஸுக்குப் போனபோது அவருக்கு வயது 20. 1926 கடைசியில் ஒரு பட்டறை பிடித்தார். மொத்தமே 23 சதுர மீட்டர்தான் இருக்கும். 1966இல் சாகும்வரை அதை விடவில்லை. நடுவில் போர்க்காலத்தில் ஜெனீவாவில் ஒரு ஹோட்டல் அறையில் இருந்துகொண்டு சிலை செய்தார். செய்யச் செய்ய உருவங்கள் சிறுத்துக்கொண்டே போயின. சில உருவங்கள் விரல் அளவுகூட இல்லை. 1945இல் பாரிஸ் திரும்பியபோது அந்த உருவங்களைத் தீப்பெட்டிகளில் வைத்து எடுத்துவந்தார் என்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. அப்புறம் இரண்டே வருஷத்தில், 1947இல், ஆளுயரச் சிலையாக, ஒல்லியாக நடந்துபோகிற அந்த மனிதன் வந்துவிட்டான். தீப்பெட்டி உருவங்கள் இல்லாமல் அவன் வந்திருப்பான் என்று நான் நம்பவில்லை.

அதனால் ஒன்றையும் உடைத்துப் போடாதே. மற்ற சிற்பிகள் நடுவில், பார்க்கவும் கேட்கவும் ஆள் இருக்கிற ஊரில் இருக்கிறாய். இங்கே திரும்பி வா என்று நான் சொல்லப் போவதில்லை.

இன்னொன்று. கல் செதுக்க ஆரம்பித்திருப்பதாகச் சொன்னாய். முகத்தில் துணி கட்டினால் போதாது. அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்தால் ஆறாத நோயாகிவிடும். நல்ல மாஸ்க் வாங்கு. கல்லை நனைத்துக்கொண்டு வேலை செய். இதில் மட்டும் காசு பார்க்காதே.

வேலைக்குக் கிளம்பும்முன் களிமண்ணை ஈரத்துணியால் மூடிவிட்டுப் போ.

அப்புறம், அந்தப் பெண்ணின் முதுகுப் பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பு. முன்பக்கம் மட்டும்தான் பார்த்தேன்.

அன்புடன்,
அப்பா