டாப்புல ஏன் பட்டன் அடிக்காம தர்றீங்கன்னு கேக்குறவங்களுக்கு

வணக்கம் சார், வணக்கம் மேடம், அடிக்கடி கடைக்கு வந்து டீ குடிச்சிட்டுப் போற அண்ணன்மாருக்கும் வணக்கம்.

ரெண்டு மாசமா ஃபோன்லயும் வாட்ஸ்அப்லயும் ஒரே கேள்விதான் வருது. நாங்க தைக்கிற டாப்புக்கு, அதாவது ஓப்பன் கார் மேல மாட்டுற மடக்குற ரெக்ஸின் கூரைக்கு, இவ்ளோ காசு வாங்கிட்டு பட்டனை மட்டும் தனியா ஒரு கவர்ல போட்டு அனுப்பினா என்ன அர்த்தம்னு. ஒரு கஸ்டமர், "சட்டையைத் தச்சுட்டு காஜா எடுக்காம குடுத்த மாதிரி இருக்குப்பா"ன்னே சொல்லிட்டார். சரியாத்தான் சொன்னார், ஆனா சட்டைன்னா ரெண்டு பக்கமும் நாமளே தைக்கிறோம் சார், இங்க பாதி சட்டை எங்க கையில இருக்கு, மீதி பாதி உங்க கார்ல இருக்கு.

நம்மகிட்ட வர்றதுல அதிகம் எம்ஜிபிங்கிற பழைய ஓப்பன் கார் தான், அதையே வச்சு சொல்றேன். 1962ல இருந்து 1980 வரைக்கும் இங்கிலாந்துல அபிங்டன் ஃபேக்டரில செஞ்ச கார். கூரை வச்ச ஜிடி மாடலையும் சேர்த்தா 5 லட்சத்துக்கு மேல ஓடியிருக்கு. அத்தனையும் ஒரே அளவுன்னு நினைச்சா அங்கதான் தப்பு. புதுசா வந்தப்பவே கொஞ்சம் முன்னப்பின்ன இருந்திருக்கும், அதுக்கப்புறம் அம்பது வருஷத்துல எத்தனை தடவை இடி வாங்குச்சோ, எத்தனை தடவை துரு வெட்டி தகடு ஒட்டுனாங்களோ, எவ்ளோ பட்டி போட்டு தேய்ச்சாங்களோ யாருக்குத் தெரியும். போன மாசம் வந்த ஒரு சிவப்பு வண்டியில பட்டன் மாட்டுறதுக்கு பாடியில இருக்குற குமிழ், அதாவது ஸ்டட், அதுல இடது பக்க ஸ்டட்டுக்கும் வலது பக்க ஸ்டட்டுக்கும் அரை இன்ச் வித்தியாசம், ஓனருக்கே தெரியாது, பழைய டாப் அதுக்கேத்த மாதிரி கோணலா இழுபட்டு அட்ஜஸ்ட் ஆகியிருந்துச்சு. இதுக்கு நாங்க டேபிள் மேல வச்சே அளந்து ஓட்டை போட்டு அனுப்பினா என்ன ஆகும்? ரெக்ஸின்ல தப்பா போட்ட ஓட்டையை அடைக்க முடியாது சார், தச்சாலும் மழை அந்த வழியாத்தான் வரும்.

பட்டன்னு எல்லாத்தையும் ஒரே பேர்ல சொல்றோம், ஆனா கவருக்குள்ள ரெண்டு மூணு ஜாதி இருக்கு. ஹேண்ட்பேக்ல வர்ற டிச் பட்டன் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுடலாம். முக்கியமானது லிஃப்ட் த டாட். பாடியில ஒரு சின்ன குமிழ் ஸ்டட், துணியில ஒரு பித்தளை சாக்கெட். அந்த சாக்கெட்டுல ஒரு ஓரத்துல சின்னப் புள்ளி மாதிரி ஒரு புடைப்பு இருக்கும், விரலால தடவிப் பாருங்க தெரியும். மத்த மூணு பக்கமும் எவ்ளோ இழுத்தாலும் விடாது, புள்ளி இருக்குற பக்கத்தைத் தூக்கினா மட்டும்தான் கழலும். அதனால புள்ளி எப்பவும் துணியோட விளிம்பைப் பார்த்துத்தான் இருக்கணும், டாப் இழுக்குற திசைக்கு எதிர்ப்பக்கம். இதைத் திருப்பி அடிச்சுட்டு, "ஓடும்போது காத்துல படபடன்னு கழண்டுக்குது, உங்க பட்டன் டூப்ளிகேட்"னு எங்களைத் திட்டினவங்க மூணு பேர். தெரியாம புள்ளி இல்லாத பக்கத்தைப் புடிச்சு வம்பா இழுக்குறவங்க அதைவிட ஜாஸ்தி, பட்டன் அப்படியே இருக்கும், துணி கிழிஞ்சு கையோட வரும்.

இன்னொன்னு டெனாக்ஸ். மேல ஒரு குட்டித் தலை இருக்கும், அதைத் தூக்கினா உள்ள ஸ்பிரிங் விடும். இதுக்கு ஒரே ஒரு வட்ட ஓட்டை போதும், கீழ இருந்து மரை வளையம் போட்டு டைட் பண்ணணும், அந்த வளையத்துக்கு ரெண்டு பல் உள்ள சாவி ஒன்னு இருக்கு. கட்டிங் பிளையர் வச்சு திருகாதீங்க, வளையம் சிதைஞ்சுடும். சாவி வேணும்னா கடையில வாங்கிட்டுப் போய் ரெண்டு நாள்ல திருப்பிக் குடுங்க, காசு வேண்டாம்.

இப்ப வெயில் விஷயத்துக்கு வர்றேன், இதுல நாங்களே அடி வாங்கியிருக்கோம். இங்கிலாந்துக்காரங்க டாப் மாட்டுற முறை சொல்லும்போது நல்ல வெயில் நாளா பார்த்து மாட்டுங்க, துணி இளகி வரும்னுதான் சொல்லுவாங்க. அவங்க ஊர் வெயில் நமக்கு மார்கழி. நாங்க அதை அப்படியே நம்பி, ஒரு மே மாசம் மதியம் ஒரு மணிக்கு கடை வாசல்ல ஒரு டாக்டர் சார் வண்டிக்கு டாப் மாட்டினோம். வினைல், அதாவது அந்த ரெக்ஸின், தோசை மாவு மாதிரி இளகி எங்க இழுத்தாலும் வந்துச்சு, டிரம் மாதிரி விறைப்பா இழுத்து பட்டன் அடிச்சு, மிச்சத் துணியையும் ஓரத்துல வெட்டிட்டோம். பார்க்க அவ்ளோ அழகு. டாக்டர் சார் வண்டியை எடுத்துட்டு ஊட்டிக்குப் போயிட்டார். டிசம்பர்ல ஒரு நாள் காலைல ஆறரைக்கு ஃபோன், "தம்பி, ராத்திரி டாப்பைத் திறந்தே வச்சிருந்தேன், இப்ப மாட்டினா பட்டன் ஸ்டட்டுக்கு ஒரு விரல் எட்டலையே"ன்னு. எப்படி எட்டும்? குளிர்ல துணி சுருங்கிடுச்சு, வெளிய தள்ளி அடிக்கலாம்னா மிச்சத் துணியையும் நாங்களே வெட்டியாச்சு. புது டாப் எங்க செலவுல தச்சுக் குடுத்தோம், வேற வழி?

அதுல இருந்து எங்க முறையை மாத்திட்டோம். மடிப்பு போறதுக்கு டாப்பை ஒரு மணி நேரம் வெயில்ல விரிச்சு வைப்போம், அப்புறம் நிழலுக்குக் கொண்டு வந்து நல்லா ஆற விடுவோம், மார்க் பண்ற வேலை எல்லாம் காலைலயோ சாயங்காலமோதான். முதல்ல பின்பக்கப் பட்டையைக் கொக்கியில மாட்டி, நடு மார்க்கை நடுவுல நிறுத்தி, அப்புறம் முன்னால கண்ணாடிச் சட்டம் வரைக்கும் இழுப்போம். முன்பக்க லாக்கை முழுசா போட மாட்டோம், பாதி திறந்த நிலையில வச்சுத்தான் துணியை ஒட்டுவோம், அப்பத்தான் கடைசியா லாக்கை அமுக்கும்போது விறைப்பு தானா வரும். பக்கவாட்டு பட்டன் எல்லாம் அதுக்கும் அப்புறம். கதவுக் கண்ணாடியை மேல ஏத்தி ரப்பர் எங்க உக்காருதுன்னு பார்க்காம ஒரு பட்டன் கூட அடிக்கிறது இல்ல.

சரியான இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீங்கன்னு கேப்பீங்க. எங்க மாஸ்டர் விபூதியைத் துளி தண்ணியில குழைச்சு ஸ்டட் தலையில ஒரு பொட்டு வைப்பார், துணியை இழுத்து அது மேல கட்டைவிரலால ஒரு அமுக்கு, கறுப்பு வினைலோட உள்பக்கம் வெள்ளையா வட்டம் விழும். அதுதான் சென்டர். வேலை முடிஞ்சா ஈரத்துணியால தொடச்சா போச்சு. சிலர் சாக்பீஸ் வைப்பாங்க, அது உதிரும். பஞ்ச் போடுறதுக்கு முன்னால உள்ள ரெண்டு மடிப்பு துணி இருக்கான்னு தொட்டுப் பாருங்க, ஒத்தைத் துணியில அடிச்ச பட்டன் ஒரு மழைக்காலம் தாங்காது.

பாடியில புதுசா ஓட்டை போட வேண்டி வந்தா எங்களைக் கேக்காம போடாதீங்க. ட்ரில் பண்ண விளிம்புல பெயிண்ட் போயிடும், தண்ணி இறங்கும், ஸ்டட் பித்தளை, பாடி இரும்பு, ரெண்டும் ஈரத்துல சேர்ந்தா இரும்புதான் முதல்ல அரிக்கும். ஈசிஆர் பக்கம் உப்புக் காத்துல வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு இதை நான் சொல்லணும்னு இல்ல. ஓட்டை விளிம்புக்கு பிரைமர் தடவி, காஞ்சதும் சீலண்ட் வச்சுத்தான் ஸ்டட்டை முறுக்கணும்.

ஹெரால்டு கார் வச்சிருக்கிறவங்க "எங்களுக்கு?"ன்னு கேக்குறது காதுல விழுது. மெட்ராஸ்லயே செஞ்ச வண்டி, கூரை போல்ட்டுல நிக்கிறதால கழட்டிட்டு ஓப்பன் ஆக்கினவங்க நிறைய பேர். அதோட சேஸியைச் சுருக்கித்தான் 1962ல ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்ங்கிற ஓப்பன் காரே வந்துச்சு, ரெண்டுக்கும் டிசைன் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. ஆனா சொந்தமா ஓப்பன் ஆக்கின ஹெரால்டு ஒவ்வொன்னும் ஒவ்வொரு அளவு, அதுக்கு ரெடிமேட் டாப்பே கிடையாது, வண்டியைக் கொண்டு வந்தாத்தான் தைப்போம்.

மத்தவங்களுக்கு ரெண்டு வழி. நீங்களே அடிக்கிறீங்கன்னா கவர்ல ரெண்டு பட்டன் எக்ஸ்ட்ரா போட்டிருக்கோம், பழைய ரெக்ஸின் துண்டுல முதல்ல அடிச்சுப் பழகுங்க. ஓட்டை போட்ட டாப்பைத் திருப்பி எடுக்க முடியாது, மன்னிக்கணும். இல்ல நாங்களே பண்ணணும்னா வண்டி ரெண்டு நாள் எங்ககிட்ட நிக்கணும். மாட்டின பிறகு ஒரு ரெண்டு வாரம் டாப்பை மடக்காம அப்படியே விடுங்க, புது வினைல் தன் இடத்துல உக்காரட்டும்.

வரும்போது பழைய டாப் எவ்ளோ கந்தலா இருந்தாலும் தூக்கிப் போடாம கொண்டு வாங்க. அப்புறம் கதவுக் கண்ணாடி மேல ஏறுதான்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க, வைண்டர் ரிப்பேர்னா அதை முதல்ல சரி பண்ணிட்டு வாங்க, கண்ணாடி ஏறாத வண்டியை வச்சுக்கிட்டு மாஸ்டர் ஒரு நாள் முழுக்க சும்மா உக்காந்திருந்தார்.