கண்ணாடிக் கண் அல்ல, படிகக் கண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டைய எகிப்தில் அதிகாரிகளின் கல்லறைகளில் வைத்த சிலைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் படங்கள் அருமை. ஆனால் 'கண்ணாடிக் கண்கள்' என்று மூன்று இடங்களில் வருகிறதே, அங்கேதான் இடிக்கிறது. கட்டுரை பேசும் சிலைகள் கி.மு. 2600 முதல் 2400 வரையிலான பழைய அரசுக் காலத்தவை. எகிப்தில் கண்ணாடித் தொழில் வேரூன்றியதோ கி.மு. 1500 வாக்கில். நடுவே ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு!

அந்தக் கண்கள் ஸ்படிகம். சக்காராவில் 1850இல் கிடைத்து, இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் சம்மணமிட்டிருக்கும் எழுத்தரை (உயரம் 53.7 செ.மீ.) எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை விழிக்கு மேக்னசைட். சேலத்துக்காரர்கள் வெள்ளைக்கல் என்பார்களே, அதுதான். செவ்வரி ஓடிய துண்டாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். அதில் குழி தோண்டி, முகப்பை மட்டும் மெருகேற்றிய ஸ்படிகத்தைப் பதித்தார்கள். ஸ்படிகத்தின் பின்பக்கம் பூசிய கரிமப் பசைதான் கருவிழிக்கு நிறம் தருகிறது. ஒட்டும் பிசினாகவும் அதுவே இருந்திருக்கலாம். கண் முழுவதையும் பின்னால் இரண்டு செப்புக் கவ்விகள் பிடித்திருக்கின்றன. நிறம் கல்லின் அடியில் கிடப்பதால், பார்ப்பவர் நகர்ந்தால் கருமணியும் கூடவே திரும்புவதுபோல இருக்கும். வெறும் வண்ணத்தில் தீட்டிய கண்ணில் இது வராது. 1871இல் மெய்தூமில் ராஹோதெப், நோஃப்ரெத் தம்பதியின் கல்லறைக்குள் முதலில் நுழைந்த தொழிலாளி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பளிச்சிட்ட சிலைகளின் கண்களைக் கண்டு அலறி ஓடினார் என்று சொல்வதுண்டு.

இந்தக் கண்கள் ஊரார் பார்ப்பதற்கும் அல்ல. சிலையை 'செர்தாப்' என்ற அறையில் வைத்து வாசலே இல்லாமல் அடைத்துவிடுவார்கள். சுவரில் ஒரு பிளவு மட்டும் இருக்கும். அதன் வழியே சிலை படையலைப் பார்க்கும். சாம்பிராணிப் புகை உள்ளே போகும். பதித்த கண்ணுக்கு ஆபத்தும் உண்டு. கூஃபு மன்னரின் அமைச்சர் ஹெமியூனுவின் சிலை 1912இல் கீசாவில் கிடைத்தபோது தலை தனியாக உடைந்து கிடந்தது. கண்களைத் திருடர்கள் என்றோ கொத்தி எடுத்திருந்தார்கள். இன்று ஜெர்மனியின் ஹில்டெஸ்ஹைமில் இருக்கும் அந்த முகம் ஒட்டுப்போட்டுச் சீர்செய்தது.

அடுத்து, கட்டுரையில் வரும் 'ஊர்த் தலைவர்' மரச் சிலை. அந்தப் பெயர், 1860இல் தோண்டிய தொழிலாளர்கள் தங்கள் ஊர்ப் பெரியவரின் சாயலைக் கண்டு வைத்தது. ஆள் கா-ஆப்பெர், சடங்குகளில் மறையோதும் தலைமைப் பூசாரி. 'மரத்தின் இயல்பான நிறத்தைச் சிற்பி விட்டுவைத்தார்' என்று கட்டுரையாளர் மெச்சுகிறார். சிற்பி அப்படி விடவில்லை. சிக்கமோர் அத்தியில் நீளமான, கணுவில்லாத பலகை கிடைப்பது அரிது. அதனால் கைகளைத் தனியே செதுக்கிக் கழுந்து வைத்துப் பூட்டினார்கள். மூட்டு தெரியாமலிருக்க மேலே சுண்ணச்சாந்து பூசி வண்ணமும் தீட்டினார்கள். அந்தப் பூச்சு உதிர்ந்த பிறகுதான் நாம் இன்று ரசிக்கும் பழுப்பு நிறம் வெளியே வந்தது. கல்லில் கையைத் தனியே பூட்ட முடியாது, மெலிதாக விட்டால் முறியும். ஆகவே கைக்கும் விலாவுக்கும் நடுவே கல்லை அப்படியே விட்டு, கருப்புப் பூசி மறைத்தார்கள். கற்சிலைகள் 'விறைப்பாக' நிற்கக் காரணம் சிற்பியின் திறமைக் குறைவு என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கட்டுரையில் 'இரும்பு உளி' என்று வருவதும் தவறு. சுண்ணாம்புக் கல்லுக்குச் செப்பு உளி போதும். கருங்கல் என்றால் டோலரைட் என்ற கடினமான கல்லின் உருண்டைகளால் இடித்து இடித்து உருவம் எடுத்து, குவார்ட்ஸ் மணலால் தேய்த்தார்கள். முன்னும் பக்கவாட்டிலும் செங்காவியில் கோடு போட்டுத்தான் வேலை தொடங்கும். ஒரு அடுக்கு கொத்தினால் கோடு போய்விடும். மறுபடி போட வேண்டும். மென்கௌரே மன்னரின் முடிக்காமல் விட்ட சிலைகளில் இந்தப் படிநிலைகளை இன்றும் வரிசையாகப் பார்க்கலாம்.

கடைசியாக அட்டைப்படம். கா-ஆப்பெரின் கையிலிருப்பது 'நான்காயிரம் ஆண்டுப் பழைய கோல்' அல்ல. கோலும் பாதங்களும் கண்டெடுத்த பிறகு புதிதாகச் செய்து சேர்த்தவை. அடுத்த இதழில் படக்குறிப்பை மட்டுமாவது திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்